ஆறாவது ஃபோல்டரில் கொசு

பிப்ரவரி 4

தம்பிக்கு,

"அன்புள்ள" என்று ஆரம்பிக்கவில்லையே என்று மூக்கை உறிஞ்சாதே. இரண்டரை வருஷமாக உன் குரல் இல்லாமல் இருந்து பழகிவிட்டேன். சண்டைக்கு முன்னாலேயே இரண்டு பேர் பேரிலும் ஒப்புக்கொண்ட படம் இது. அதனால்தான் இங்கிருந்து டிஸ்க் போகிறது, அங்கிருந்து டிஸ்க் வருகிறது. பெட்டிக்குள் இதுவரை ஒரு காகிதம் வைத்ததில்லை. இன்று வைக்கிறேன் என்றால் விஷயம் அந்த அளவுக்கு இருக்கிறது.

கொக்கு ஏரியில் இறங்கும் காட்சி. நான் வரைந்து அனுப்பிய ஃப்ரேம்களை நீ அடுக்கி, மேலே பனி சேர்த்து, பார்வைக்கு அனுப்பியிருக்கிறாய். பனி சுத்தமான சாம்பலாக இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். வந்ததில் கொசு மொய்க்கிறது. ஆமாம், கொசுதான். முதல் கம்ப்யூட்டர் வாங்கிய காலத்தில், படத்தைச் சுருக்கினால் கோட்டோரமாகப் பறக்கும் புள்ளிக் குப்பைக்கு நீ வைத்த பேர். உனக்கே மறந்திருக்கும்.

இடது பக்கம் மேல் மூலையில் பொடிப்பொடியாகக் கறுப்பு. ஜேபெக்கில் அனுப்பாதே என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்? படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொண்டு, "இது கண்ணுக்குத் தெரியாது" என்று தானே முடிவு செய்து, பாதியைத் தூக்கி எறிகிற வடிவம் அது. என் கண்ணுக்குத் தெரிகிறது. ஆறு நிமிஷப் படம், எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ஃப்ரேம். ஒவ்வொன்றிலும் கொசு விரட்ட என்னால் முடியாது.

அப்பா நன்றாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவருக்குப் போன் செய்கிறாயே, உனக்கே தெரியும்.

அக்கா


பிப்ரவரி 7

அன்புள்ள அக்கா,

நான் "அன்புள்ள" போட்டுவிட்டேன். திட்டினாலும் பரவாயில்லை.

பெட்டியைத் திறந்து உன் கையெழுத்தைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து மேஜை சவுண்டு இன்ஜினியர், "என்ன சார், நோட்டீஸா?" என்று கேட்டார். "அதைவிடப் பெருசு" என்றேன்.

நீ சொன்னது சரி. தப்பு என்னுடையதுதான். டிஸ்கில் இடம் மிச்சமாகட்டும் என்று ஜேபெக்கில் போட்டேன். கொசு அதனால்தான் வந்திருக்கும். இந்த முறை எல்லாம் பிஎன்ஜி. இதுவும் சுருக்கும், ஆனால் எதையும் எறியாது. மடித்து வைத்த துணியைப் பிரிப்பது போல, வைத்தது வைத்தபடி வரும். ஜேபெக்கில் ஃப்ரேம் ஒன்று அரை எம்பி இருந்தது, இதில் ஆறு எம்பி. கொக்கின் பின்னணி இல்லாத அடுக்கையும் தனியாக வைத்திருக்கிறேன். ஜேபெக்கில் அதற்கு வழியே கிடையாது, வெற்றிடத்தையெல்லாம் வெள்ளையாகப் பூசிவிடும்.

பார்த்துவிட்டு எழுது. இரண்டு வரியானாலும் எழுது.

தம்பி


பிப்ரவரி 10

தம்பிக்கு,

கொசு போகவில்லை. கூடியிருக்கிறது.

அதோடு இப்போது அதே மூலையில் ஒரு நிழலும் விழுகிறது. பனியின் மேல் யாரோ ஈரக் கையை வைத்து எடுத்த மாதிரி. எனக்குத் தெரிந்தவரை, நிறப்படிகள் குறைவான எட்டு பிட்டில் இருட்டுச் சாம்பலைக் கொடுத்தால் பட்டை பட்டையாகத்தான் விழும். பிஎன்ஜி என்று பேரை மாற்றிவிட்டு அதே எட்டு பிட்டில் அனுப்பியிருப்பாய். நீ செய்வது எல்லாமே இப்படித்தான். மேலே துடைத்துவிட்டு "சரி பண்ணிட்டேன்" என்பாய்.

நேற்று டிஸ்கை எடுக்க எழுந்தபோது கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டேன். காப்பித் தம்ளர் போயிற்று. உள்ளேயிருந்து அப்பா, "யாருக்குடி கண்ணு தெரியல, உனக்கா எனக்கா?" என்றார். சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பு நின்றுவிட்டது.

பதினாறு பிட்டில் அனுப்பு.

அக்கா


பிப்ரவரி 13

அன்புள்ள அக்கா,

பதினாறு பிட், இஎக்ஸ்ஆர். இதற்கு மேல் எங்கள் ஸ்டுடியோவில் வடிவம் கிடையாது. இஎக்ஸ்ஆரிலேயே எறிகிற சுருக்கம், எறியாத சுருக்கம் என்று இரண்டும் உண்டு, எறியாததைத்தான் போட்டிருக்கிறேன். சாம்பலில் படி விழ வாய்ப்பே இல்லை. பெரிய திரையில் ஓட்டி நானும் சவுண்டுக்காரரும் பார்த்தோம்.

மானிட்டரை மாற்றிப் பார்த்தாயா? பழைய மானிட்டர்களில் மூலை மங்குவது உண்டு.

அந்த நிழல், காட்சி மாறும்போது போய்விடுகிறதா, அல்லது எந்தக் காட்சியிலும் அதே இடத்தில் நிற்கிறதா?

இன்னொன்றும் கேட்க நினைத்தேன். அடுத்த தடவை கேட்கிறேன்.

தம்பி


பிப்ரவரி 16

தம்பிக்கு,

எதிர் வீட்டு மருந்துக்கடைக்காரர் மகளிடம் மானிட்டரை இரவல் வாங்கி வந்து மாட்டினேன். புத்தம் புதிது. அதிலும் அதே மூலை, அதே நிழல், அதே கொசு. எல்லாக் காட்சியிலும். மூன்று வடிவம், இரண்டு மானிட்டர் பார்த்தாயிற்று. இன்னும் என்மேல் என்ன பழி போடப் போகிறாய்?

அறையில் ட்யூப்லைட்டும் சரியில்லை. ஓரத்தில் வெட்டி வெட்டி மின்னுகிறது. எலக்ட்ரீஷியன் வந்து ஏணி போட்டு ஏறிப் பார்த்தார். "லைட்டு நல்லாத்தான் இருக்கும்மா, மாத்தவே வேணாம்" என்று இறங்கிப் போனார். அவர் போன பிறகும் மின்னியது.

"இன்னொன்று கேட்க நினைத்தேன்." எழுதுகிறாய் பார், ஒரு வாக்கியம். கேட்காமல் விடுவது உனக்குப் புதிதா? அப்பாவுக்குப் பார்வை மங்குகிறது என்று எனக்கு நாலு மாதம் முன்பே உனக்குத் தெரியும். பாதை மனப்பாடம் என்பதால் அவர் குருட்டாம்போக்கில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். நீ விடுமுறைக்கு வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, மேடு பள்ளத்தைச் சொல்லிச் சொல்லி ஓட்ட விட்டாய். வேலை போய்விடும், அக்காவிடம் சொல்லாதே என்று அவர் சொன்னாராம், நீ கேட்டாயாம். டிப்போ சுவரில் பஸ்ஸைக் கொண்டுபோய் இடித்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது, அதற்குள் அவர் பார்வை போய்விட்டது. "முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கக் கூடாதா?" என்று டாக்டர் என்னைத்தான் கேட்டார். உன்னை அல்ல.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஏப்ரல் இருபதாம் தேதி படத்தைக் கொடுக்க வேண்டும். கெட்டுப்போன பனியோடு கொடுக்க மாட்டேன். பயம் அதற்குத்தான்.

அக்கா


பிப்ரவரி 18

அக்கா,

இந்த டிஸ்கில் ஆறு ஃபோல்டர் இருக்கின்றன. பேர் கிடையாது, எண் மட்டும். ஒவ்வொன்றிலும் ஒரு நொடிக்கான பனி, இருபத்துநான்கு ஃப்ரேம். கொக்கு இல்லை. எது எந்த வடிவம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் வடிவத்தின் மேலுள்ள கோபத்தில் பார்ப்பாய். ஒவ்வொன்றையும் சுற்றவிட்டு, திரையின் நடுவை மட்டும் பார். கொசு எங்கே, நிழல் எங்கே என்று எழுது. எது மோசம் என்றும் எழுது.

கூரியரில் அவசரம் என்று போட்டிருக்கிறேன். நீயும் அப்படியே போடு. தயவு செய்து.

தம்பி


பிப்ரவரி 20

தம்பிக்கு,

பரீட்சை வைக்கிறாயா? வை.

ஒன்று: ஜேபெக், அதுவும் கசக்கிப் பிழிந்தது. கட்டம் கட்டமாக நிற்கிறது. இதைக் கண்டுபிடிக்க நான் எதற்கு, மருந்துக்கடைக்காரர் மகளே போதும். இரண்டும் மூன்றும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகின்றன. பிஎன்ஜி ஒன்று, டிஃப் ஒன்று என்று நினைக்கிறேன். நாலு சுத்தம், பனி மெத்தென்று போகிறது. ஐந்தில் ஏதோ எறிந்திருக்கிறாய், பனியின் விளிம்பு சொரசொரப்பு.

பார்த்தாயா, என் கண்ணில் கோளாறு இல்லை. எழுத்துக்கு எழுத்து சொல்லிவிட்டேன்.

இந்த ஐந்திலும் இடது மேல் மூலையில் நிழல் இருக்கிறது. கொசுவும் இருக்கிறது. கட்டம் வேறு, சொரசொரப்பு வேறு, இது வேறு. அது மட்டும் எதிலும் மாறவில்லை.

ஆறாவதுதான் மகா மோசம். அது என்ன வடிவம் என்றே பிடிபடவில்லை. பனி அசையவே இல்லை, ஆனால் அதன் மேல் கொசு மிதக்கிறது. ஒன்று நூல் மாதிரி நெளிந்து கீழே இறங்குகிறது. நிழல் திரையின் கால்வாசிக்கு வந்துவிட்டது. எந்த மென்பொருளில் போட்டாய் அதை? தூக்கிக் குப்பையில் போடு. அந்த வடிவத்தை என் படத்தின் பக்கமே கொண்டுவராதே.

அக்கா


பிப்ரவரி 22

அக்கா,

ஆறாவது ஃபோல்டரில் படமே இல்லை.

ஒரே ஒரு சாம்பல் நிறம். மேலிருந்து கீழ் வரை, ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே எண். ஒரே ஃப்ரேமை இருபத்துநான்கு தடவை நகல் எடுத்து வைத்தேன். சுருக்கினாலும் கெடாது, கெடுவதற்கு அதில் எதுவும் இல்லை. அசைவதற்கும் எதுவும் இல்லை. உன் கடிதத்தில் "நெளிந்து கீழே இறங்குகிறது" என்ற வரியைப் படித்ததும் எழுந்து வெளியே போய்விட்டேன். ஸ்டுடியோ வாஷ்பேசினில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

நீ எழுத்துக்கு எழுத்து சொன்னது உண்மை. ஐந்து ஃபோல்டரையும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய். வேலை தெரிந்த கண் அது. ஆனால் இரண்டு கண் இருக்கிறது, அக்கா. வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் மட்டும் இந்தக் காகிதத்தைப் பார். பிறகு மாற்றிப் பார்.

இதைச் சொல்லாமல் விட்டால் நான் மனுஷனே இல்லை: உன் முதல் கடிதம் வந்த அன்றே ஜேபெக்கைத் திறந்து பார்த்தேன். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தரத்தில் போட்டிருந்தேன். அந்த மூலையைப் பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கிப் பார்த்தேன். கொசு இல்லை. ஒன்றுகூட இல்லை. தெரிந்தும் "தப்பு என்னுடையதுதான்" என்று எழுதினேன். இரண்டரை வருஷம் கழித்து வந்த முதல் காகிதம். மறுத்துப் பேசினால் இரண்டாவது வராதோ என்று பயந்தேன். அந்தப் பயத்தில் உனக்குப் பதினைந்து நாள் போய்விட்டது. நானும் ஜேபெக் மாதிரிதான். அடுத்தவர் கண்ணுக்கு இது வேண்டாம் என்று நானே முடிவு செய்து எறிந்துவிடுகிறேன்.

கேட்க நினைத்ததை இப்போது கேட்கிறேன். அப்பா முதன்முதலில் என்ன சொன்னார் என்று உனக்கு நான் சொன்னதே இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒரு கையால் முகத்துக்கு முன்னால் விரட்டிக்கொண்டே, "வண்டிக்குள்ள கொசு ஜாஸ்தியாயிருச்சுடா" என்றார். ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன. நானும் சேர்ந்து விரட்டினேன். பிறகு, "ஓரத்துல யாரோ லைட் அடிக்கிறான்" என்றார். அதற்குப் பிறகுதான் நிழல். உன் கடிதங்களிலும் இதே மூன்றும் ஒவ்வொன்றாக வந்திருக்கின்றன.

அப்பாவுக்குப் போன் செய்து உன்னிடம் கொடுக்கச் சொல்லலாம் என்று எண்ணை அழுத்தினேன். பாதியில் நிறுத்திவிட்டேன். அவரிடம் சொல்லி, அவர் மறைத்து, நீ மறைத்து, மறுபடியும் அதே கதை ஆகிவிடும். நீ என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். கூரியருக்கு இரண்டு நாள் ஆகும். உனக்கு இரண்டு நாள் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

அதனால் இதைக் கூரியரில் போடவில்லை. ரயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து ஆடுவது அதனால்தான், பாதி அதனால்தான். உன் கதவுக்கு அடியில் நானே தள்ளிவிட்டு வெளியே படியில் உட்கார்ந்திருப்பேன். தெருமுனையில் ஆட்டோவை நிறுத்தி வைத்திருப்பேன். கண் ஆஸ்பத்திரியில் காலை முதல் டோக்கன் நம்முடையது.

என் குரல் வேண்டாம் என்றால் வழி முழுக்க வாயைத் திறக்க மாட்டேன். கதவை மட்டும் திற.

தம்பி


மார்ச் 6

அன்புள்ள தம்பி,

குனிந்தபடி எழுதுகிறேன். ஆபரேஷனில் கண்ணுக்குள் விட்டிருக்கும் காற்றுக் குமிழி, பிரிந்த விழித்திரையைக் கண்ணின் பின்சுவரோடு அழுத்திப் பிடிக்க வேண்டுமாம். இன்னும் நாலு நாள் தலையைத் தூக்கக் கூடாதாம். நீ ஊருக்குப் போன பிறகு மருந்துக்கடைக்காரர் மகள்தான் சொட்டு மருந்து விடுகிறாள். விடும்போதெல்லாம் "அசையாதீங்கக்கா" என்று மிரட்டுகிறாள். அசைந்தால் என்ன ஆகும் என்று கேட்கப் பயந்து அசையாமல் இருக்கிறேன்.

நேற்று டாக்டரம்மா பார்த்தார். இடது கண்ணில் விழித்திரை ஒட்டியிருக்கிறது. எவ்வளவு தெரியும் என்று மூன்று மாதம் கழித்துத்தான் சொல்ல முடியும். முழுசாகத் திரும்பாது என்று எனக்கே தெரிகிறது. நீ அன்று வெளியே காப்பி வாங்கப் போயிருந்தபோது, வலது கண்ணிலும் ஓரத்தில் ஒரு கிழிசல் இருந்ததைக் காட்டி லேசரில் சூடு வைத்து அடைத்தார்களே, அதைப் பற்றி நேற்றுதான் விவரமாகச் சொன்னார். "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா இதுவும் பிரிஞ்சிருக்கும். யார் கூட்டிட்டு வந்தா?" என்று கேட்டார். தம்பி என்றேன்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த விஷயம் வாயில் வராது, காகிதத்தில்தான் வரும்.

எனக்குத் தெரியும்டா. உனக்கு முதல் கடிதம் எழுதுவதற்கு முந்தின நாள், முகம் கழுவும்போது சோப்பு பட்டு வலது கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணாடியில் இடது நெற்றி மங்கலாக இருந்தது. கையால் துடைத்தேன். கண்ணாடியைத் துடைத்தேன். மறுபடியும் மூடிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. மறுநாள் உட்கார்ந்து உனக்கு எழுதினேன். ஜேபெக்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்ட மாதிரி யாரும் எதற்கும் வேண்டியிருக்க மாட்டார்கள். "தப்பு என்னுடையதுதான்" என்று நீ எழுதிய அன்று நிம்மதியாகத் தூங்கினேன். அது பொய் என்று உன் எழுத்திலேயே தெரிந்தது. தெரிந்தும் தூங்கினேன். ஆகவே அந்தப் பதினைந்து நாளில் பாதியை என் பேரில் எழுதிக்கொள்.

அப்பாவிடம் நேற்று எல்லாவற்றையும் சொன்னேன். முழுசாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "எத்தன நாளா மறச்ச?" என்று கேட்டார். மூன்று வாரம் என்றேன். "நான் அவன்கிட்ட சொன்னதே எட்டு மாசம் கழிச்சுதான்மா. அப்பவே லேட்டுதான். அவன் உங்கிட்ட அன்னைக்கே சொல்லியிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது" என்றார். இரண்டரை வருஷம் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ என்னோட பேசாம போயிடுவியோன்னு பயம்" என்றார். நம் வீட்டில் எல்லோருக்கும் ஒரே வியாதிதான், கண்ணில் இல்லை அது.

நான் உனக்குச் செய்தது அநியாயம். குனிந்திருப்பதால் கண்ணீர் நேராகக் காகிதத்தில் விழுகிறது, அழிந்த இடத்தை ஊகித்துப் படித்துக்கொள்.

படத்துக்கு மே கடைசி வரை தயாரிப்பாளர் நேரம் கொடுத்திருக்கிறார். முழுப்படத்தையும் நாலாவது ஃபோல்டரின் வடிவத்தில் போடு. எறியாத சுருக்கம். டிஸ்க் எத்தனை ஆனாலும் ஆகட்டும். பனி சரியாக இருக்கிறதா என்று கடைசியாகப் பார்க்க வேண்டியது நீதான்; உன் கண்ணை நம்புகிறேன். நம்புவதற்குப் பயமாகவும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நீயும் போய்க் கண்ணைக் காட்டு. டோக்கன் சீட்டைப் படம் எடுத்து அனுப்பு.

ஆறாவது ஃபோல்டரைக் குப்பையில் போடு என்றேனே, போட்டுவிடாதே. என்னிடம் இருக்கிற நகலைத் தினம் காலையில், தரையில் கிடத்திய மானிட்டரில் திறந்து, வலது கண்ணால் நடுவைப் பார்த்து எண்ணுகிறேன். லேசருக்குப் பிறகு கொஞ்சம் கொசு இருக்கத்தான் செய்யும், கூடினால்தான் ஆபத்து என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். ஒன்று கூடினாலும் அந்த நிமிஷமே உனக்குப் போன் செய்வேன். உன் எண்ணின் தடையை எடுத்துவிட்டேன்.

நேற்று மூன்று. இன்று காலை இரண்டு தடவை எண்ணினேன், மூன்றுதான்.

அக்கா